பாதத்தில் தொடங்கிய குளியல்

அம்மா,

நேற்றுக் காலையில் பரணிலிருந்து உன் குளியல் நாற்காலியை இறக்கினேன். பின் தெருவில் பட்டுத்தறி வைத்திருக்கும் ஒருவர் தன் அப்பாவுக்காகக் கேட்டு வந்திருந்தார். தூசி துடைக்க நாற்காலியைத் திருப்பினால், அடிப்பக்க மூலையில் உன் சந்தன சோப்பின் துணுக்கு ஒன்று காய்ந்து ஒட்டியிருந்தது. ஈரத்துணி பட்டதும் வாசனை எழும்பிவிட்டது. நான் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னா சார், குடுக்க மனசு இல்லியா?" என்றார் அவர்.

"அதெல்லாம் இல்லீங்க, எடுத்துகினு போங்க. ஆனா நாற்காலி மட்டும் பத்தாது. கொஞ்ச நேரம் உக்காருங்க, சொல்றேன்."

அவரிடம் பேசி முடித்த பிறகும் எனக்குப் பேச்சு தீரவில்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

நீ சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். பிள்ளைகள் தட்டை நீட்டுவதற்கு முன்னால், "கைய காட்டு. திருப்பு" என்பாய். நகத்தில் அழுக்கு இருந்தால் குழாயடிக்குத் திரும்பிப் போக வேண்டும். வீட்டிலும் அதே சட்டம்தான். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் ஸ்டெல்லா சாப்பாட்டுக்கு உட்கார்ந்து தன்னையறியாமல் உன் முன்னால் இரண்டு கைகளையும் நீட்டியதும், எல்லோரும் சிரித்ததும் நினைவிருக்கிறது.

அப்படிப்பட்ட நீதான் தண்ணீரைக் கண்டு பயப்பட ஆரம்பித்தாய். முதலில் அடுப்பை அணைக்க மறந்தாய். பிறகு பெயர்கள் போயின. என் பெயரும் போயிற்று. கடைசியில் குளியலும். ஸ்டெல்லா கூப்பிட்டால், "காலையிலயே குளிச்சிட்டேன், எத்தன வாட்டி குளிக்கறது?" என்று சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்வாய். அவள் கெஞ்சிக் கொஞ்சி எப்படியோ அழைத்துப் போய்விடுவாள். ஒரு நாள் தலையில் சொம்புத் தண்ணீர் விழுந்ததும் நீ அலறிக்கொண்டு அவளைத் தள்ளினாய். அவள் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது.

ஆரணியில் அவளுக்கு மாவுக்கட்டு போட்ட அதே வாரம்தான், உன் ரவிக்கையை மாற்றும்போது மார்பின் கீழ் மடிப்பில் புண்ணைப் பார்த்தோம். மருத்துவர், "தினமும் கழுவித் துடைச்சு ஈரமில்லாம வெச்சுக்கணும். விட்டா பெருசாயிடும்" என்று சொல்லிவிட்டார்.

சேத்துப்பட்டிலிருந்து அக்கா வந்தாள். அறைக்குள் நுழைந்ததும் துடைக்கிற மாதிரி முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோனாள். அவளைக் குறை சொல்லவில்லை, வாடை இருந்தது.

"சிஸ்டருங்க நடத்தற ஹோம் ஒண்ணு இருக்குது. அங்க வுட்டா சுத்தமா பாத்துப்பாங்க" என்றாள்.

"ஸ்டெல்லா கை சரியாகட்டும். அது வரைக்கும் நான் பாத்துக்கறேன்."

"நீ ஆம்பளடா. பெத்த தாய எப்படிக் குளிப்பாட்டுவ? அம்மாவுக்கு நெனவு இருந்தா இதுக்கு ஒத்துக்குவாங்களா?"

எனக்கும் அதே கேள்விதான் இருந்தது. ஒத்துக்கொண்டிருக்க மாட்டாய். முன்பு காய்ச்சலில் கிடந்தபோதுகூட நான் உள்ளே வந்தால் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொள்கிறவள் நீ.

முதல் நாள் நான் சொம்போடு குளியலறையில் நின்றேன். நீ வாசலிலேயே நின்றுவிட்டாய். "யாருடா நீ? பொம்பள குளிக்கற எடத்துல ஒனக்கு இன்னா வேல?" என்று கத்தினாய். அடுத்த வீட்டு விசைத்தறி நின்றுபோனது. அந்த வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். சொம்பை வைத்துவிட்டு வெளியே வந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கூசிப்போன இன்னொரு நாள் இல்லை.

நீ தூங்கியபின், நீ நின்ற அதே இடத்தில் போய் நின்று உள்ளே பார்த்தேன். கம்ப்யூட்டரில் சேலை பார்டருக்கு நிறம் பிரித்துப் பிரித்துப் பழகிய கண் இது. வெள்ளைத் தரையில் கறுப்பு ரப்பர் விரிப்பு நனைந்து கிடந்தது. இடமோ இருட்டு. வாசலிலிருந்து பார்த்தால் அங்கே ஒரு பள்ளம் இருப்பதுபோலத்தான் தெரிந்தது. நானாக இருந்தாலும் கால் வைத்திருக்க மாட்டேன். விரிப்பைத் தூக்கி எறிந்தேன். பின்கட்டில், வெயில் விழுகிற துணி துவைக்கும் இடத்தைச் சுற்றி, உயரமாகப் பழைய போர்வைகளைக் கட்டினேன். இந்த நாற்காலியை வாங்கி வந்து போட்டேன்.

ஆனாலும் நீ வரவில்லை. பல நாள் ஈரத்துணியால் கையையும் முகத்தையும் துடைப்பதோடு சரி. ஸ்டெல்லா ஒற்றைக் கையால் புண்ணுக்கு மருந்து தடவுவதே ஒரு போராட்டம். அக்காவுக்குப் போன் செய்து, சரி, ஹோமுக்கே கேட்டுவிடு என்று சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

அப்போதுதான் ஒரு காலையில் நீ தோட்டத்துச் சேற்றில் நடந்துவிட்டு வந்து, அந்த நாற்காலியில் நீயாகவே உட்கார்ந்தாய். பாதம் முழுக்கச் சேறு. நான் அகலமான பிளாஸ்டிக் பேசினில் வெந்நீர் கொண்டுவந்து உன் காலடியில் தரையில் உட்கார்ந்தேன்.

"கால கழுவட்டுமா?" என்றேன்.

நீ என்னையும் பேசினையும் தோளில் கிடந்த துண்டையும் மாறி மாறிப் பார்த்தாய். "இன்னிக்கி பெரிய வியாழனா?" என்றாய்.

எனக்குச் சட்டென்று புரிந்தது. வருஷா வருஷம் ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் பூசையில், கோயிலில் சாமியார் இப்படித்தான் தரையில் முழங்காலிட்டுப் பன்னிரண்டு ஆண்களின் பாதம் கழுவுவார்.

"ஆமாங்க" என்றேன்.

"நீ கோயில்லேருந்து வரியா?"

"ஆமாங்க."

"பொம்பளைங்களுக்கும் கழுவறாங்களா?"

"இப்பல்லாம் கழுவறாங்க."

"நான் எத்தினி வருசமா பின்னால உக்காந்து பாத்துகினே இருந்தேன்" என்று சொல்லிவிட்டு, வலது காலை நீட்டினாய். "நல்லா கழுவு. வெரலு சந்துல அழுக்கு இருக்கும், பாரு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. விரல் இடுக்குகளைத் தேய்த்துக் கழுவித் துடைத்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தாய்.

மறுநாளும் பேசின், வெந்நீர், பாதம். அதற்கடுத்த நாட்களில் முழங்கால் வரை. பிறகு கை, கழுத்து, முதுகு. பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டி, தோளில் பெரிய துண்டைப் போர்த்திவிடுவேன். குளிர்ந்தாலும் கூச்சப்பட்டாலும் இழுத்து மூடிக்கொள்ள அது உன் கைக்கு எட்டும். எதைச் செய்வதற்கு முன்னாலும் வாய்விட்டுச் சொல்வேன்: இப்ப முதுகுல தண்ணி ஊத்தப் போறேன், இப்ப சோப்பு போடப் போறேன். மார்பையும் மறைவிடங்களையும் கழுவ, சோப்புத் துணியை உன் கையிலேயே கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வேன். துணி கைக்கு வந்ததும் அந்தக் கை பழைய கையாகிவிடும், அப்படித் தேய்ப்பாய். தலைக்கு மட்டும் மேலிருந்து ஊற்றுவதே இல்லை. பின்பக்கம் சாய்த்து, நெற்றியில் கையை அணையாக வைத்து நனைப்பேன்.

எல்லா நாளும் நன்றாகப் போகவில்லை. துண்டை என் முகத்தில் எறிந்த நாள் உண்டு. துணியில் மலம் கழித்துவிட்டு அதை மறைக்கப் பார்த்து நீ நடுங்கிய நாள் உண்டு. முதல் தடவை எனக்குக் குமட்டியது. வேலியோரம் போய் நின்று மூச்சை இழுத்துவிட்டுத் திரும்பி வந்தேன். "ஒண்ணும் இல்லம்மா, தண்ணி ஊத்துனா போயிடும்" என்றேன். ஊற்றினால் போய்விடத்தான் செய்தது. குளிக்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தால் அன்றைக்கு விட்டுவிடவும் கற்றுக்கொண்டேன்.

புண் ஆறியது. அக்கா அடுத்த முறை வந்தபோது உன் அருகில் உட்கார்ந்து கூந்தலை முகர்ந்து பார்த்தாள். ஹோம் பற்றிப் பேச்செடுக்கவில்லை. கிளம்பும்போது, "அந்த சோப்பு எந்தக் கடைல வாங்கின?" என்று மட்டும் கேட்டாள். ஸ்டெல்லாவுக்குக் கட்டுப் பிரித்த பிறகு, "இனிமே நான் பாத்துக்கறேன்" என்று பேசினை எடுத்தாள். நீ அவளிடம், "கோயில் தம்பி வரலியா?" என்று கேட்டுவிட்டாய். அதனால் வேலை என்னிடமே தங்கிவிட்டது.

மழைக்காலம் முடிந்த ஒரு காலையில், சின்னக் காய்ச்சலோடு நீ போய்விட்டாய். உன்னைக் கடைசியாகக் குளிப்பாட்ட வந்த பெண்கள் போர்வைத் திரைக்குள்ளிருந்து பேசிக்கொண்டது எனக்குக் கேட்டது. "இத்தினி நாளு நோவுல இருந்த ஒடம்பு, ஒரு புண்ணு இல்லியே. யாரு பாத்துகினாங்க?" ஸ்டெல்லா என் பெயரைச் சொன்னாள்.

ஆனால் நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தப் பேச்சை அல்ல. ஸ்டெல்லாவிடம்கூட முழுதாகச் சொல்லாத ஒரு மதியம் இருக்கிறது.

அன்று குளித்து முடித்து, பவுடர் போட்டு, உன் தலையை வாரிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, உங்க ஊட்ல அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க."

"வயசானவங்களா?"

"ஆமாங்க."

"யாரு பாத்துக்கறா?"

"நான்தான்."

நீ சீப்பை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாய். "அப்ப இங்க இன்னா பண்ற? போ. ஜல்தியா போ. அந்தம்மா உன்ன தேடிகினு இருப்பாங்க."

என்ன சமாதானம் சொல்லியும் நீ கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு பின்பக்கமாக வெளியேறினேன். வீட்டோரச் சந்தில் சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாக உள்ளே வந்தேன். அதற்குள் ஸ்டெல்லா உன்னைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டு அடுக்களைக்குப் போயிருந்தாள். நீ நிமிர்ந்து பார்த்தாய். எத்தனையோ காலத்துக்குப் பிறகு என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாய்.

"வந்துட்டியாடா? எங்க போன இவ்ளோ நேரம்? கோயில்லேருந்து ஒரு புள்ள வந்து குளிப்பாட்டிட்டுப் போச்சு. கை அவ்ளோ பதமா இருக்குது. அவங்க அம்மா குடுத்து வெச்சவங்க."

நான் அப்போதுதான் காலில் இருந்த செருப்பைக் கழற்றினேன்.

"நாளைக்கும் வருவானாடா?"

"வருவாம்மா" என்றேன்.

தான் இல்லாத இடத்தில் தன்னைப் பற்றித் தாய் என்ன சொல்வாள் என்று கேட்கும் பாக்கியம் எத்தனை பிள்ளைகளுக்குக் கிடைக்கும்? எனக்குக் கிடைத்தது. யாரைச் சொல்கிறோம் என்று தெரியாமலேதான் நீ சொன்னாய். அதனாலேயே அதை நான் அப்படியே நம்புகிறேன்.