மீதிக் களிம்பு

பக்கிரி மில்லிலிருந்து வருவதற்குள் தையல் கடைக்குக் கிளம்ப வேண்டும். ரஞ்சிதம் காலண்டர் தாளைக் கிழித்தாள். புருஷன் பெயரை எழுதிப் பழக்கமில்லை. முதல் வரியைக் காலியாக விட்டு எழுதினாள்.

“சோறும் கருவாட்டுக் குழம்பும் மூடி வச்சிருக்கேன். நீங்க சாக்கடையில எறிஞ்ச களிம்பு டப்பாவ எடுத்துக் கழுவி, கோரிமேட்டு நர்சம்மாகிட்ட காட்டினேன். அது ஆட்டு ரோமத்துல எடுக்கற லனோலினாம். மார்க்காம்பு வெடிப்புக்குத் தர்றதுதானாம். பாலோட புள்ள வாய்க்குப் போனாலும் ஒண்ணும் பண்ணாதாம். பாப்பாவுக்குப் பொறக்கும்போதே இருதயத்துல ஓட்டை. அதனாலதான் போய்ட்டா. நீங்க வாங்கியாந்த களிம்பால இல்ல. ஒரு மாசமா எம் மூஞ்சியப் பாக்க மாட்டேங்கறீங்க. இன்னிக்காவது நிமிந்து பாருங்க.”

இடம் தீர்ந்துவிட்டது. ஓரத்தில் நுணுக்கி எழுதினாள்: “மீதிக் களிம்பு எனக்கு இனிமே வேணாம். உங்க கால் வெடிப்புக்குத் தடவிக்குங்க. தடவிட்டு ஈரத்தரையில நடக்காதீங்க, வழுக்கும்.”

மடிக்கப் போனவள் நிறுத்தினாள். காலியாக இருந்த முதல் வரியில், பிள்ளை பிறந்ததிலிருந்து அவனைக் கூப்பிட்டு வந்தபடியே எழுதினாள்:

“மலர்க்கொடி அப்பாவுக்கு.”