மெட்ராசில் ஓடும் கேசட்

கோட்டுச்சேரி
28.7.1986

அன்பு மகன் தியாகராசனுக்கு அம்மா காசியம்மா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் சுகம், மனசைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். பாரீசில் நீ வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க அம்பகரத்தூர் காளியம்மனை வேண்டிக்கொள்கிறேன். எப்போதும் கேசட்டில் பேசி அனுப்புகிறவள் இந்தத் தடவை ஏன் பேனாவைப் பிடித்தாள் என்று நினைப்பாய், காரணம் இருக்கிறது. ஐந்தாவதோடு நின்ற கை, எழுத்து கோழி கிளறியது போலத்தான் இருக்கும், கேலி செய்யாமல் படி. அப்பா உரம் வாங்கக் காரைக்காலுக்குப் போயிருக்கிறார், அவர் திரும்புவதற்குள் எழுதி ஒட்டிவிட வேண்டும். இதில் இருக்கிற விஷயம் அவருக்குத் தெரியாது, தெரியவும் கூடாது.

நீ சொன்னபடி மெட்ராசுக்குப் போய் நீ செய்த கலை வேலையை வைத்திருக்கும் அந்தக் கலைக்கூடத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். ஆனி கடைசியில் நம் அல்லியின் மாமியார், சம்பந்தியம்மா பங்கஜவல்லியின் அண்ணனுக்கு மாம்பலத்தில் அறுபதாம் கல்யாணம். அப்பாவுக்கு முழங்கால் வலி என்பதால் நான் மட்டும் சம்பந்தியம்மாவோடு பஸ் ஏறினேன். அல்லியும் மாப்பிள்ளையும் வீட்டையும் மாட்டையும் பார்த்துக்கொள்ள அம்பகரத்தூரிலேயே நின்றுவிட்டார்கள். சிதம்பரம் தாண்டியதும் அந்த அம்மா பேச்சை எடுத்தார். ஆடி போவட்டும் சம்பந்தியம்மா, ஆவணியில ஒரு முடிவு எடுத்துடணும், எங்க அண்ணி வகையில ஒரு பொண்ணு இருக்கு, அல்லியும் ஒரு பக்கமா இருந்துட்டுப் போவட்டும், நான் ஒண்ணும் போவச் சொல்லல என்று கத்திரிக்காய் விலை சொல்வது போலச் சொன்னார். கல்யாணமாகி ஐந்து வருஷமாகப் பிள்ளை இல்லை, அதனால் மகனுக்கு இரண்டாவது கட்டப் போகிறாராம், வருகிறவளுக்கும் சேர்த்து என் மகள் பொங்கிப் போட வேண்டுமாம். எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. குறை அல்லியிடம் இல்லை, பாண்டிச்சேரி பெரிய ஆசுபத்திரியில் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு மாப்பிள்ளையிடம்தான் குறை என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை அல்லியின் கையைப் பிடித்துக்கொண்டு என் அம்மாவுக்கு மட்டும் சொல்லிவிடாதே என்று அழ, இந்தப் பைத்தியமும் சரியென்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டது. அண்ணனைத் தவிர யாருக்கும் சொல்லாதேம்மா என்று என்னிடம் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள். உனக்குச் சொன்னேன், கார்த்திகையில் அனுப்பிய கேசட்டில். வேறு எந்த ஜீவனுக்கும் சொல்லவில்லை. அன்றைக்குப் பஸ்ஸில் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆனாலும் அந்த அம்மாவைக் கலைக்கூடத்துக்குக் கூட்டிப் போனது நான்தான், வலுவில் இழுத்துக்கொண்டு போனேன் என்றே சொல்லலாம். என் மகன் பிரான்சில் எப்பேர்ப்பட்ட ஆள், அவன் செய்ததை மெட்ராசில் டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள் என்று பார்த்தால், இந்த வீட்டுப் பெண்ணை ஒரு பக்கமாக ஒதுக்கி வைக்கக் கொஞ்சமாவது கூச்சப்படுவார் என்று ஒரு நப்பாசை. எழும்பூர்ப் பக்கம் ஒரு பழைய பங்களா அது. வெளியே பஸ்ஸும் ஆட்டோவும் காது கிழியக் கத்துகிறது, உள்ளே நுழைந்தால் கோயில் நடை சாத்தியது போல அமைதி. நுழைந்ததும் ஒரு ஸ்கூட்டருக்குத் தலையிலிருந்து கால் வரை மருந்துக்கட்டு சுற்றி நிறுத்தி வைத்திருக்கிறார்கள். சம்பந்தியம்மா அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, எங்க போயி விழுந்துச்சோ பாவம் என்றார். அடுத்த அறையில் சுவரே இல்லாமல் ஒரு கதவு மட்டும் நிலையோடு நிற்கிறது, அதற்குப் பூட்டு வேறு. ஒரு கூடத்தில் தரையில் நெல்லைக் குவித்துவிட்டுத் தொடாதே என்று பலகை வைத்திருக்கிறார்கள், இஞ்ச கோழி கெடையாது போலருக்கு என்றார். எவர்சில்வர் டம்ளர்களுக்கெல்லாம் அடியில் ஓட்டை போட்டு மாலை மாதிரி கோத்துத் தொங்கவிட்டிருந்ததைப் பார்த்ததும்தான் அவருக்கு நிஜமாகவே கோபம் வந்தது. நல்ல ஏனத்த இப்புடிப் பாழாக்கி வச்சிருக்கானுவளே, ஒங்க மவன் செஞ்சதா என்று கேட்டார். என் பிள்ளை எதையும் பாழாக்க மாட்டான் என்று அடித்துச் சொன்னேன். கண்ணாடி அறை ஒன்றில் நாங்கள் இரண்டு பேரும் பூசணிக்காய் மாதிரி தெரிந்தோம், அந்த அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஐந்து வருஷத்தில் என் எதிரே பல் தெரியச் சிரித்தது அன்றுதான். கூட்டி வந்தது நல்லதாயிற்று என்று மனசுக்குள் உனக்கு ஒரு முத்தம் கொடுத்தேன். கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது, வைத்துக்கொள்.

உன் அறை கடைசியில் இருந்தது. ஒரே இருட்டு. என் பழைய சேலைகளை, நீ ஆசையாகக் கேட்டு நான் துவைத்து மடித்து அனுப்பினேனே அதே சேலைகளை, மேலேயிருந்து தொங்கவிட்டிருந்தாய். நடுவில் ஒரு சின்ன விளக்கு, நாலைந்து முக்காலி. சேலைக்குள்ளேயிருந்து என் குரல் வந்தது. தம்பி, நல்லாருக்கியா, இஞ்ச ஒரே அடமழ என்று. பலகையில் இங்கிலீஷில் ‘அம்மா பேசுகிறாள்’ என்று எழுதியிருப்பதாக அங்கே காவலுக்கு நின்ற பெண் வாசித்துச் சொன்னது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது ராசா. நாம் பேசியதை இத்தனை பத்திரமாக வைத்திருக்கிறானே என்று நெஞ்சு நிறைந்து நின்றேன். சம்பந்தியம்மா, அட நீங்கதானே பேசுறீங்க, ரேடியோவுல வர்ற மாதிரியில்ல இருக்கு என்று முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அப்புறம்தான் அடமழை என்ற சொல் எனக்கு உறைத்தது. அது கார்த்திகைக் கேசட். நெய்னா முகம்மது வீட்டு டேப்ரிக்கார்டரை இரவல் வாங்கி வந்து, அப்பா வயலுக்குப் போன நேரத்தில் பேசியது. நான் பேசிய வரிசை எனக்கு அப்படியே மனப்பாடம். முதலில் மழை, அடுத்தது கொட்டகை ஒழுகியது, அதன் பிறகு அப்பா முழங்கால், அதன் பிறகு பசு கன்று போட்டது, அதற்கு அடுத்தது அல்லி.

கன்று போடுவதற்குள் அந்த அம்மாவை வெளியே கொண்டுபோய்விட வேண்டும். தலை சுற்றுகிறது என்றேன், செத்த ஒக்காருங்க சரியாப் போயிடும் என்றார். விசேஷ வீட்டில் தேடுவார்கள் என்றேன், தேடட்டும் என்றார். எழுந்து கையைப் பிடித்தே இழுத்தேன், கன்னுக்குட்டி என்னா ஆச்சுன்னு கேட்டுட்டுப் போவலாம் இருங்களேன் என்று என்னை உட்காரச் சொன்னார். காவல் பெண்ணிடம் போய் இதைக் கொஞ்சம் நிறுத்தம்மா என்று கெஞ்சினேன், நான் தொடக் கூடாதும்மா, ஆபீஸ்ல சாப்பிடப் போயிருக்காங்க என்றது. இதற்குள் காலேஜ் பையன்கள் இரண்டு பேரும், தோளில் பையோடு ஒரு பெண்ணும் வந்து கேட்க உட்கார்ந்துவிட்டார்கள். சுவரோரமாக ஒரு கறுப்பு வயர் ஓடிப் பிளக்கில் மாட்டியிருந்தது. சேலை மறைவில் போய்க் குனிந்து அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். செவலைக் கன்னு, நெத்தியில சுட்டி என்று என் குரல் சிரிக்கிறது. அடுத்து, அல்லி போன வாரம் வந்திருந்தா தம்பி என்று ஆரம்பித்தது. ஒரு இழுப்பு இழுத்தால் முடிந்தது. அந்த நேரம் பார்த்துச் சம்பந்தியம்மா பக்கத்து முக்காலியில் இருந்த பெண்ணிடம், முன்பின் தெரியாத பெண் அது, அல்லிங்கறது என் மருமவதான், அஞ்சு வருஷமாவுது, வவுத்துல ஒரு புழு பூச்சி இல்ல என்று சொன்னார். நான் வயரை விட்டுவிட்டேன்.

தெரியாமல் கை நழுவியது என்று உன்னிடம் கதை விட மாட்டேன். சத்தியம் செய்தது நான், கேசட் யாருக்கும் எந்தச் சத்தியமும் செய்யவில்லை, அது பாட்டுக்குப் பேசட்டும் என்று விட்டேன். பேசியது. ஆசுபத்திரியில் சொன்னது, மாப்பிள்ளை அழுதது, அந்தப் பொம்பள மாசா மாசம் காய்ச்சிக் குடுக்குற கஷாயத்தையெல்லாம் தனக்கு எந்தக் குறையும் இல்லேன்னு தெரிஞ்சும் ஒம் தங்கச்சி மூக்கப் புடிச்சிக்கிட்டுக் குடிக்கிறா தம்பி, அந்தப் பங்கஜவல்லிக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா என்று கேட்டது, எல்லாம் வந்தது. நான் என்னா பண்ணட்டும் ராசா, சத்தியத்த மீறிச் சொல்லிப்புடட்டுமா, இல்ல பொண்ணு வாழ்க்க போனாப் போவுதுன்னு பாத்துக்கிட்டு இருக்கட்டுமா, நீ படிச்ச புள்ள, ஒரு வார்த்த எழுது என்று சொல்லிவிட்டு நான் அழுதேனே, அதுவும் வந்தது. அந்தப் பையன்கள் தலையைக் குனிந்துகொண்டு எழுந்து போனார்கள். பை வைத்திருந்த பெண்ணும் சம்பந்தியம்மாவைப் பார்க்காமல் போய்விட்டது. டக்கென்று ஒரு சத்தம் கேட்டது, கேசட் தானே சுற்றிக்கொண்டு மறுபடியும் தம்பி நல்லாருக்கியா என்றது. போகலாமா என்று கேட்டேன், அந்த அம்மா அசையவில்லை. மறுபடியும் மழை, கூரை, முழங்கால், கன்று. மறுபடியும் என் அழுகை. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் எழுந்தார்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தவர் திட்டப் போகிறார், சம்பந்தமே இன்றோடு அறுந்தது என்று சொல்லப் போகிறார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். என் மவன் ஏங்கிட்ட சொல்லலியே சம்பந்தியம்மா என்றார். அந்த அம்மா இவ்வளவு தணிந்து பேசி நான் கேட்டதில்லை. நான் கேட்டேன்னு அவனுக்கும் தெரிய வேணாம், அல்லிக்கும் தெரிய வேணாம் என்றார். பிறகு, மனசு இருக்கான்னு கேட்டீங்கள்ல, அதையும்தான் கேட்டேன் என்றார். நான் எங்கே முகத்தை வைத்துக்கொள்வது.

போன வெள்ளிக்கிழமை அல்லி வந்திருந்தாள். அத்தை கஷாயத்த நிறுத்திட்டாங்கம்மா, காலையில அவங்களே எனக்கும் சேத்துக் காப்பி போட்டு வக்கிறாங்க, அண்ணி வகைப் பொண்ணு பேச்சையும் காணும் என்றாள். சொல்லிவிட்டுச் சந்தோஷப்பட வேண்டியவள் என் மடியில் படுத்து அழுகிறாள், என்னய ஒரேயடியா அனுப்பத்தான் இப்புடி நல்லபடியா நடத்துறாங்களோ என்று பயப்படுகிறாள். இல்லையடி என்று சொல்ல எனக்கு வாயில்லை. தலையைத் தடவிக் கொடுத்து அனுப்பினேன்.

இப்போது அதைவிடப் பெரிய பயம் வந்திருக்கிறது. புரட்டாசியில் அந்தக் கலைக்கூடத்துச் சாமான்களையெல்லாம் பாண்டிச்சேரிக்குக் கொண்டுவந்து வைக்கப் போகிறார்கள் என்று நீ எழுதியிருந்தாயே, அந்தக் கடிதத்தை அப்பா டீக்கடையில் உரக்கப் படித்துக் காட்டிவிட்டார். என் பெண்டாட்டி குரல் மெட்ராசில் ஓடுகிறது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு, சொந்தக்காரர்களை ஏற்றிப் போக வேன் பேசப் போகிறார். மச்சான் வேலையை நானும் பார்க்கணும் என்று மாப்பிள்ளை முதல் ஆளாகப் பெயர் கொடுத்திருக்கிறார். அத்தனை பேர் நடுவில் அந்த மனிதர் முக்காலியில் உட்கார்ந்து கேட்டால் அப்புறம் உயிரோடு இருப்பாரா? இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் மெட்ராசுக்குத் தந்தி அடித்து அதை நிறுத்தச் சொல். கன்று வரைக்கும் ஓடினால் போதும், அதற்கு மேல் இருப்பதை அழித்துவிடு. இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போதும் அங்கே யாரோ ஒருத்தர் உட்கார்ந்து உன் தங்கச்சி குடும்பத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் பதில் எழுது. அந்தக் கேசட்டை நீ முழுதாகக் கேட்டாயா? மார்கழியில் உன் கடிதம் வந்தது, மழைச் சத்தம் அருமையாக விழுந்திருக்கிறது அம்மா, இங்கே மொழி தெரியாதவர்கள்கூட உன் குரலை நின்று கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அல்லியைப் பற்றி ஒரு வரி இல்லை. தங்கச்சி வாழ்க்கையாயிற்றே, நன்றாக யோசித்து எழுதுவான் என்று தை, மாசி எல்லாம் தபால்காரர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முழுதும் கேட்டுவிட்டுத்தான் இப்படி ஊருக்குப் போட்டுக் காட்டினாய் என்றால், பெற்ற வயிற்றில் அடித்துக்கொண்டு அழுதுவிட்டு, பிள்ளைதானே என்று மன்னித்துவிடுவேன். கேட்கவே இல்லை, கன்று வரைக்கும் கேட்டுவிட்டு நல்ல குரல் என்று எடுத்து வைத்துவிட்டாய் என்றால், அதற்கு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. நான் அழுததைக் கடைசிவரை உட்கார்ந்து கேட்டது, அதுவும் இரண்டு தடவை கேட்டது, என் வாயால் வசவு வாங்கிய பங்கஜவல்லி ஒருத்திதான்.

பதிலை அப்பா பெயருக்குப் போடாதே, என் பெயருக்குப் போடு, தபால்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். தந்தியை மறந்துவிடாதே. அல்லிக்குத் தனியாக நாலு வரி எழுது, இது எதையும் காட்டிக்கொள்ளாமல் அண்ணன் இருக்கிறேன் என்று மட்டும் எழுது. நோய் நொடி இல்லாமல் நூறு வயசு இருந்து நல்லபடியாக வாழ வேண்டும் என்று வாழ்த்தி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
இதையாவது கடைசிவரை படிப்பாய் என்று நம்பும் உன் அம்மா,
த. காசியம்மா