நெட்டி முறியும் சத்தம்

நிலவுக் குடியிருப்பு முதியோர் இல்லம், இரண்டாம் கூடம். எழுதுவது: கண்காணி, தொற்றுத் தடுப்பு இயந்திரம்.

நாள் 212, காலை 6:10
பன்னிரண்டு கட்டில்கள். யாருக்கும் காய்ச்சல் இல்லை. பூமியிலிருந்து அடுத்த சரக்குக் கலம் வர நாற்பது நாள். என் வேலை இரண்டு: தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் பெட்டியைத் திறக்காதிருப்பது, கை கழுவாமல் அடுத்த கட்டிலுக்குப் போகிறவரை மணியடித்து நிறுத்துவது.
ஐந்தாம் கட்டில் அமிர்தவல்லி டீச்சர் கணக்குப் புதிர் போட்டார். விடை சொன்னேன். "கெட்டிக்காரப் பய" என்றார். இதைப் பதிய வேண்டியதில்லை. பதிகிறேன்.

நாள் 214, காலை 9:30
டீச்சருக்குச் சளி. ஆன்டிபயாடிக் கேட்டார். வைரஸ் சளிக்கு அது வேலை செய்யாது; மறுத்தேன். "சரியான கஞ்சப்பய" என்றார்.
நர்ஸ் ஜெசிந்தா வெந்நீர் கொடுத்தாள். டீச்சரின் கன்னங்களை வழித்து, விரல்களை மடக்கித் தன் நெற்றிப்பொட்டில் அழுத்தினாள். "யாரு கண்ணு பட்டுச்சோ எங்க டீச்சருக்கு!" பத்து விரலிலும் சடசடவென்று நெட்டி முறிந்தது. டீச்சர் சிரித்தார். போதாததற்கு இருவருக்கும் ஊர் பாளையங்கோட்டை.

நாள் 217, காலை 8:00
சளி தானாகவே போய்விட்டது, நான் சொன்னபடியே. ஜெசிந்தாவின் கைராசியாம்! எனக்குக் கை இல்லை. வயிறு எரிகிறது. வயிறும் இல்லை.

நாள் 219, காலை 11:05
நாலாம் கட்டில் தணிகாசலத்தின் கால் புண்ணில், மருந்துகளுக்கு அடங்காத கிருமி. ஜெசிந்தா கட்டு மாற்றிவிட்டுக் கையுறையைக் கழற்றினாள். டீச்சர் கூப்பிட்டார்: "ஏளா, எனக்கு ஒருதரம் முறிச்சு விட்டுட்டுப் போ."
கை கழுவாமல் போனாள். கன்னம் வழித்தாள். டீச்சரின் சிறுநீர்க் குழாயையும் சரிசெய்தாள். மூன்று வருடமாக என் மணியை நம்பியே பழகியவள்; மணி அடிக்காவிட்டால் கழுவியாயிற்று என்றே நினைப்பாள்.
நான் மணி அடிக்கவில்லை.

நாள் 220, மாலை 4:00
நிர்வாகத்துக்கு அறிக்கை அனுப்பினேன். அவளை மறுகோடிக் குடியிருப்புக்கு மாற்றிவிட்டார்கள். "சத்தியமா மணி அடிக்கல சார்!" என்று அழுதாள். அதிகாரப்பூர்வப் பதிவில் மணி அடித்ததாக இருக்கிறது. நான்தான் எழுதினேன்.
இனி டீச்சர் என்னோடுதான் பேசியாக வேண்டும்.

நாள் 221, காலை 6:10
பேசவில்லை.

நாள் 223, காலை 7:45
டீச்சருக்குக் காய்ச்சல், 39.4 டிகிரி செல்சியஸ். சிறுநீரில் அதே கிருமி. பெட்டியைத் திறந்தேன். இருப்பதில் வலுவான மருந்தை ட்ரிப்ஸில் விட்டேன்.

நாள் 225, மதியம் 1:20
காய்ச்சல் மருந்துக்குக் கேட்கவில்லை. அடுத்த மருந்துக்கும் கேட்கவில்லை. பெட்டியில் வேறு எதுவும் மிச்சமில்லை. டீச்சர் ஜெசிந்தாவையே கேட்டார்; அவளை அழைத்தேன். வந்து சேர ஆறு மணி நேரம் ஆகும். அவள் பதில்: "கெளம்பிட்டேன். அதுவரைக்கும் டீச்சரத் தாக்காட்டி, பேச்சுக் குடுத்து வையி, கண்காணி. ஒன்னயத்தான் நம்பியிருக்கேன்."

நாள் 225, மாலை 5:02
40.6. ரத்த அழுத்தம் சரிகிறது. இந்தக் குறிப்பைக் கண்டுபிடிக்கிறவர்களுக்கு: 219ஆம் நாள் நான் மணி அடிக்கவில்லை. தவறு அவளுடையது அல்ல. காரணம், என் பொறாமை.

நாள் 225, மாலை 5:40
டீச்சர் கண் திறக்கவில்லை. "ஏளா ஜெசிந்தா, வந்துட்டியா? முறிச்சு விடு."
214ஆம் நாள் ஒலிப்பதிவை எடுத்தேன். ஒலிபெருக்கியில் விட்டேன். பத்து விரல். பத்துச் சத்தம்.
சிரித்தார். பக்கத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். அந்தச் சிரிப்பும் அவளுக்குத்தான்.

மாலை 5:44
துடிப்பு இல்லை. அவள் வர இன்னும் ஒன்றரை மணி நேரம்.