கதையில் சாகப்போகும் மனைவி

தோக்கியோ,
ஜூன் 1922

அன்புள்ள ஃபுசாவுக்கு,

ஓதாருவில் இன்னும் குளிர் விடவில்லை என்று எழுதியிருந்தாய். இங்கே மழை விட்டபாடில்லை; பாயெல்லாம் பூஞ்சை. நான் நலம் என்று எழுதினால் நீ நம்பவா போகிறாய்.

என் கணவர் எழுதியதாக நினைத்து நீ பாராட்டியிருந்த கதை என்னுடையது. முதலில் என் பெயரில்தான் அனுப்பினேன். பத்திரிகை ஆசிரியர் கசாமா, "பொம்பளை எழுத்துன்னா கொஞ்சம் பவுடர் வாசம் அடிக்கணும்மா, இது வெறும் கழுவின முகமா இருக்கே" என்று திருப்பிவிட்டார். ஓர் எழுத்தும் மாற்றாமல் என் கணவர் எய்ஜிரோவின் பெயரில் அனுப்பினேன். அதே மனிதர் முதல் பக்கத்தில் போட்டார். படம் கேட்டார்கள், இவர் நல்ல உடுப்பாகப் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தார். அன்று எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது.

எழுதுகிறவன் தன் வீட்டுக் கதையைத்தான் எழுதுகிறான் என்று இங்கே எல்லோரும் நம்புகிறார்கள், உனக்குத் தெரியாததா. போன வாரம் கசாமா நண்பர்களோடு வந்தார். நான் அவர்களுக்குச் சாக்கே மது ஊற்றிக்கொண்டிருந்தேன். கதையில் முகம் பார்க்கும் கண்ணாடியை மூடிய துணியை விலக்கவே அஞ்சும் அந்தப் பெண்ணின் மனதை ஓர் ஆண் எப்படிப் பிடித்தார் என்று ஒருவர் வியந்தார். "வீட்டுல ஒண்ணு இருக்கே, பாத்துப் பாத்து எழுதினேன்" என்றார் இவர். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். "கதையில இன்னும் கொஞ்சம் லட்சணமா இருந்தாங்களே" என்றார் கசாமா. சிரிப்பு அடங்க நேரமாயிற்று. நான் குனிந்து அடுத்த கிண்ணத்தை நிரப்பினேன், ஃபுசா. அவர்கள் போனபின் என் கண்ணாடியின் துணியை விலக்கி, அந்த லட்சணமானவளை வெகுநேரம் தேடிக்கொண்டிருந்தேன்.

கதை தொடராக வருகிறது இல்லையா, அடுத்த இதழில் அவள் சாக வேண்டுமாம். "ஆத்துல விழுந்துடட்டும், படிக்கிறவங்க அழுவாங்க" என்று கசாமா சொல்லிவிட்டுப் போனார். அப்படி எழுத மாட்டேன் என்று இவரிடம் சொன்னேன். தானே எழுதுவதாக இவர் உட்கார்ந்தார். ஒரு வரி வரவில்லை. அன்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. கடைசியில் நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். நன்றாக வந்திருக்கிறது, அதுதான் பயமாக இருக்கிறது. குடையை எங்கே சாய்த்துவிட்டு அவள் இறங்குவாள் என்பதுவரை யோசிக்காமலே தெரிந்தது.

இதழ் வந்தபின் தெருவில் என்னைப் பார்ப்பவர்கள், இவள் இன்னும் இருக்கிறாளா என்றுதான் பார்ப்பார்கள்.

உன் குழந்தைகள் நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும். கதையைப் படித்து அழாதே. பதில் மட்டும் உடனே போடு. உறையில் எய்ஜிரோவின் மனைவி என்று எழுதாதே. நுயி என்று பெரிதாக எழுது. தபால்காரர் வாசலில் நின்று அந்தப் பெயரைக் கூப்பிடட்டும். நான் எழுந்து போய் வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன்
நுயி