மூன்று கட்டம்

கோமளா,

நேரில் சொல்ல வாய் வரவில்லை. நீ முதலில் பிரிக்கும் சினிமாப் பக்கத்துக்குள் இதை மடித்து வைக்கிறேன்.

போன ஞாயிறு, வலை தைத்துக்கொண்டிருந்த நைனாவுக்கு வழக்கம்போலப் பேப்பர் வாசித்தாய். சினிமா குறுக்கெழுத்தைச் சரியாக முடித்தவர் என்று என் பெயர் வந்தது. குரல் மாறாமல் வாசித்தாய். "என் புள்ளைக்கு இன்னா மூளைன்னு பாரு!" என்றார் நைனா. நீ பக்கத்தைத் திருப்பினாய். நான் தட்டில் இல்லாத மீன் முள்ளைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அத்தனை கட்டத்தையும் நிரப்பியது நீ. பழைய படங்களின் கடைசியில் திரையில் வரும் மூன்றெழுத்துக்கு மட்டும் நான் விடை சொன்னேன். ‘முடிவு’ என்றேன். "கல்யாணத்துல முடியுற படத்துக்கு சுபம்னுதான்யா போடுவாங்க" என்று சிரித்தபடி அழித்து எழுதினாய். தபாலில் போடும்போது உன் பெயருக்கான இடத்தில் என் பெயரை எழுதிவிட்டேன். கை கூசவில்லை. இப்போதுதான் கூசுகிறது.

நைனா அந்தப் பக்கத்தை மீன் ஏலம் போடும் இடம் முழுக்கக் காட்டிவிட்டார்.

இன்றைக்குப் பேப்பரோடு இதையும் அவருக்கு உரக்க வாசி. நான் எதிரில்தான் உட்கார்ந்திருப்பேன். வாசித்த பிறகு, கீழே உள்ள மூன்று கட்டத்தில் எந்த வார்த்தை என்று நீயே எழுது.

உன் வீட்டுக்காரன்

▢ ▢ ▢