பத்து நாள் தொங்கிய சுனை

12-2-56, ஞாயிறு.

ராயக்கோட்டை மலை உச்சிச் சுனையைப் படமெடுக்கக் காமிராவைச் சுமந்து மூன்று முறை ஏறினேன். மூன்றாம் முறைதான் காற்று நின்றது. பெரிதாக்கி, சட்டம் போட்டு, ஸ்டூடியோவில் மாட்டிப் பத்து நாளாகிறது. பார்த்தவர்கள் எல்லோரும் புகழ்ந்தார்கள்.

இன்று கல்யாணப் படம் எடுத்துக்கொள்ள ஒரு புது ஜோடி வந்தது. பெண் அந்த மலையில் ஆடு மேய்த்தவளாம். படத்தையே பார்த்தாள்.

“அண்ணா, எங்க சுனைய தலகீழா மாட்டிட்டீங்களே! ஆடு தண்ணி குடிக்கிற கல்லு எடக்கைப் பக்கமில்ல இருக்கணும்?”

சரிதான். மேலே இருந்தது தண்ணீரில் விழுந்த நிழல். ஸ்டூலில் ஏறித் திருப்பி மாட்டினேன். மாப்பிள்ளை சிரித்துவிட்டார்.

வெட்கப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை. தண்ணீரில் ஒரு சிற்றலைகூட இல்லை. மலை எது, நிழல் எது என்று எடுத்தவனுக்கே தெரியவில்லை.