வெளிப்பக்கத்து வெளிச்சம்

மார்ச் 4, திங்கள்

செல் வளர்க்கும் தட்டு மறுபடி ஒளிர்ந்தது. டாக்டர் ஃபஸீஹா எட்டிப் பார்த்தார். "கசிவு, மாதவி. உன் செல் உடைஞ்சு கசியுது." போய்விட்டார். என் ஆய்வை மேற்பார்க்கிறவர், எதிர்த்துப் பேசவும் முடியாது.

தலை தெளிய எழுதிப் பார்க்கிறேன். ATP செல்லுக்குள் இருந்தால் சக்தி. வெளியே வந்தால் சேதி - ரத்தக்குழாயை விரியவும் சுருங்கவும் சொல்கிற சேதி. செல் உடைந்தால் அது கொட்டும், எல்லாருக்கும் தெரியும். ஆனால் குழாயின் உள்சுவர் செல்களுக்கு வெளிப்பக்கத்திலும் நொதிகள் ஒட்டியிருக்கின்றன. அதில் ஒன்று, ஒரு பாஸ்பேட் குறைந்த ATP-யான ADP இரண்டைப் பிடித்து, ஒன்றின் பாஸ்பேட்டைப் பிடுங்கி மற்றதில் சேர்த்து, அங்கேயே ATP செய்யும். வெளிநாட்டில் காட்டிவிட்டார்கள். என் தட்டில் காட்டாவிட்டால் ஆய்வேட்டில் பாதி போச்சு. ATP பட்டால் ஒளிரும் மின்மினிப்பூச்சியின் நொதிதான் எனக்குச் சாட்சி.

மார்ச் 8, வெள்ளி

செல்கள் கிழடாகிவிட்டன. புதிதாக எடுக்க, உள்ளே ரத்தக்குழாயோடு தொப்புள்கொடி வேண்டும். பிரசவம் முடிந்து குப்பைக்குப் போகிற கொடிதான். கிடைக்க மாட்டேன் என்கிறது. "ராயா பெருநாளுக்குள்ள காட்டு. இல்லன்னா வேற தலைப்பு" என்கிறார் டாக்டர்.

மார்ச் 10, ஞாயிறு

ரெம்பாவ் போனேன், எஸ்டேட் வீட்டுக்கு. அண்ணி ரோகினிக்கு நிறைமாதம். கொடிக்கு அலைகிற கதையைச் சொன்னேன். "என்னோடத எடுத்துக்கயேன்" என்றார். அவ்வளவுதான், தேவன் அண்ணன் குதித்தான். செம்பனைக் குலை லோரி ஓட்டுகிறவன், குரலும் லோரி மாதிரிதான்.

"அலமாக்! அப்புறம் என் பிள்ளை தாயத்துல என்னத்த வைக்கிறது, பஞ்சா?"

எங்கள் வீட்டில் முப்பதாம் நாள் கொடித்துண்டை வெள்ளித் தாயத்தில் அடைத்துப் பிள்ளை இடுப்பில் கட்டுவார்கள். அது பிள்ளை வயிற்றிலேயே காய்ந்து விழுகிற துண்டு அண்ணே, நாங்கள் எடுப்பது நஞ்சுக்கொடிப் பக்கத்து மிச்சம் - எத்தனை தடவை சொன்னேன்! "நீ படிச்சவ, வாயடைக்கத் தெரியும் லா" என்றான். நானும் கத்திவிட்டேன். சாப்பிடாமல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ரஹாங்கில் என் அறைக்கு வந்துவிட்டேன். சண்டையில் என்ன சாதித்தேன்? பசிதான் மிச்சம்.

மார்ச் 11, திங்கள்

டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். சொந்தக்காரரிடம் நானே பேசியது தப்பாம். நர்ஸ்தான் கேட்க வேண்டும், கொடி எண்ணோடு மட்டும் வரும், யாருடையது என்று எனக்குத் தெரியவே கூடாது. நியாயம். வெட்கமாக இருந்தது.

மார்ச் 20, புதன்

ஆண் பிள்ளை! அண்ணன் போனில் அழுதான். கொடிப் பேச்சை அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

மார்ச் 21, வியாழன்

ஐஸ் பெட்டியில் இரண்டு கொடிகள். எண் மட்டும். நான் எதையும் யோசிக்கப் போவதில்லை.

மார்ச் 27, புதன்

ஒன்றில் பூஞ்சை. அழுகையாக வந்தது. குளோரெக்ஸ் ப்ளீச் ஊற்றிக் கழுவினேன். மற்றது நன்றாக வளர்கிறது, தொட்டும் தொடாமலும் பார்த்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் 2, செவ்வாய்

மடச்சி. மடச்சி.

ஒளி அளக்கும் கருவியை வேறொருவர் பிடித்துக்கொண்டதால் தட்டு ஒரு மணி நேரம் சும்மா கிடந்தது. வந்து பார்த்தால் இருட்டு! இத்தனை நாளும் திரவத்தை மாற்றிய கையோடு அளந்திருக்கிறேன். வேகமாக ஊற்றினாலே செல்கள் மிரண்டு உள்ளே இருக்கும் ATP-ஐத் துப்பும்; சும்மா விட்டால் அது சிதைந்து அடங்கிவிடும். அண்ணனைச் சொல்கிறேன், என் கையும் லோரிக் கைதான்.

அப்படியானால் நான் பார்த்த வெளிச்சம் முழுக்க என் அவசரமா? நொதி என்று ஒன்று அங்கே இல்லவே இல்லையா? பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 5, வெள்ளி

மெதுவாக ஊற்றினேன். தட்டை உறங்கவிட்டேன். இருட்டு. பிறகு ADP சேர்த்தேன் - ஒளி ஏறியது.

"ஒப்பீடு?" என்றார் டாக்டர். ஒளிக்கு வேறு காரணம் இல்லை என்று காட்டும் சோதனை எங்கே என்று அர்த்தம். இந்த ஒரு சொல்லாலேயே என்னை மூன்று வருடமாக வறுத்து எடுக்கிறவர்.

இருந்தது. செல்களின் மேல் நின்ற திரவத்தை மட்டும் எடுத்து அதில் ADP சேர்த்துக் காட்டினேன். செல் உடைந்திருந்தால் நொதி அந்தத் திரவத்தில் கலந்திருக்க வேண்டும். இருட்டு. அந்த நொதியை முடக்கும் மருந்தைச் செல்கள் மேல் விட்டேன். ஒளி அணைந்தே போனது போல ஆனது. ஆக, அது செல்லின் மேலேயே உட்கார்ந்து வேலை செய்கிறது.

டாக்டர் நோன்பு திறக்க வீட்டுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டிருந்தார். நேரமானதும் எனக்கும் ஒரு பேரீச்சம்பழம் கொடுத்தார். "கசிவு இல்ல. ஆனா ஒரு கொடி போதாது, இன்னும் நாலு பேரோடது வேணும். தலைப்பு இருக்கட்டும்."

கழிவறையில் போய்ச் சிரித்தேன்.

ஏப்ரல் 20, சனி

முப்பதாம் நாள் சடங்கு, விடுமுறைக்காகச் சனிக்குத் தள்ளி வைத்தது. தாயத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி அண்ணன் என் கையில் கொடுத்தான். உள்ளே மிளகு மாதிரி காய்ந்த கொடித்துண்டு. கட்டி முடித்ததும் பிள்ளை என் மடியிலேயே நனைத்துவிட்டான்.

"ஆஸ்பத்திரியில கொடியக் குடுக்க உங்கண்ணியைக் கையெழுத்துப் போடச் சொன்னதே நான்தான்" என்றான் அண்ணன், என் முகத்தைப் பார்க்காமல். "என்னாச்சு?"

இரண்டு வந்தன, ஒன்று பூஞ்சையில் போச்சு, மற்றது ஒளிர்ந்தது, எது யாருடையது என்று எனக்குத் தெரியாது என்றேன்.

"கெட்டுப்போனது எவனோடதோ. வெளிச்சம் வந்தது என் மகனோடது லா!" பந்தலுக்கே கேட்கும்படி சொன்னான்.

ஒப்பீடே இல்லாத முடிவு. இருக்கட்டும்.